வீட்டில் இருந்தவளை இல்லை என்றேன்

ஜெனி, ஜோயல்... மக்களே! உங்கள் அப்பா பொய் சொன்னவன். வீட்டுக்குள் சொல்லி வீட்டுக்குள்ளேயே மறந்துபோகிற பொய் இல்லை. ஆஸ்டினில், மாநிலச் சட்டமன்றக் குழுவுக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, உண்மையைத்தான் பேசுவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு சொன்ன பொய். "எங்கள் குடும்பங்களில் மனநோய் கிடையாது. எங்கள் பிள்ளைகளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்கு இந்தப் பணம் வேண்டாம்" என்றேன்.

அன்றைக்கு, ஜெனி, நீ பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி ஏழு வாரம் ஆகியிருந்தது.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன்? நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஜோயலுக்கு அம்மா வாசித்துக் காட்ட வேண்டும். தெரிந்துதான் எழுதுகிறேன். அந்தப் பொய்யை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என்னுடையது அரைகுறை ஆங்கிலம்... ஆனாலும் அன்றைக்கு என்ன சரளம்! அதே வார்த்தைகளை என் சொந்த மொழியில் எழுதினால் கை கூசுகிறதா என்று பார்க்க நினைத்தேன். கூசுகிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மன்னிப்புக் கேட்க உட்காரவில்லை. மன்னிப்பு கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். நல்ல பிள்ளைகள் நீங்கள். "இட்ஸ் ஓகே, அப்பா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். எனக்கு அது வேண்டாம்!

இன்னொன்று. கடையைப் பற்றி நான் வெட்கப்படவில்லை. பன்னிரண்டாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன், நர்ஸ் வேலைக்கு வந்த மனைவியின் கிரீன் கார்டில் பின்னாலேயே வந்து இந்த இர்விங் ஊரில் இறங்கினால் என்ன வேலை கிடைக்கும்? சாமுவேல் அண்ணாச்சியின் பெட்ரோல் பங்க் கடையில் கவுண்டர் வேலை கிடைத்தது. அண்ணாச்சி நம் ஊர்ப்பக்கம். நம் சர்ச்சில் செயலாளர். மூன்று கடைக்குச் சொந்தக்காரர். என் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க சிகரெட். அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் வேப் என்கிற மின்சிகரெட்... மாம்பழ ஐஸ், தர்பூசணி, நீல நிறத்தில் எந்தக் காட்டில் காய்க்கிறது என்றே தெரியாத ஏதோ ஒரு பழம். ஊதினால் விளக்கு எரியும். சிலதில் குட்டித் திரைகூட உண்டு. விற்றேன். இருபத்தொரு வயது ஆகாத ஒருவனுக்கும் நான் விற்றதில்லை. அட்டையைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, பிறந்த தேதியைப் படித்துத்தான் கொடுப்பேன். "கம் ஆன், அங்கிள்!" என்று கெஞ்சியவர்களைத் துரத்தியிருக்கிறேன். இதை எந்த மேடையிலும் சத்தியம் செய்வேன்.

பிறகு எது என் குற்றம்? சொல்கிறேன்.

ஜோயல், உனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்கு என்ன என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் அவள் குளித்து, பையை மாட்டி, ஷூ போட்டுக் கதவு வரை வருவாள். கதவுப் பிடியில் கை வைத்ததும் மூச்சு வாங்கும். ஓடி வந்தவள் மாதிரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் நாள் தண்ணீர் கொடுத்தேன். இரண்டாம் நாள் ஜெபம் பண்ணினேன். மூன்றாம் நாள், "நடிக்காத" என்றேன்.

நடிக்காத... என்றேன்! நடிப்பில் தேர்ந்தவன் சொன்னான்.

உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவளுடைய இன்சூரன்ஸ் பட்டியலில் இருந்த மனநல ஆலோசகர்கள் எல்லோருக்கும் ஃபோன் பண்ணினாள். சிலர் எடுக்கவே இல்லை. எடுத்தவர்கள் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். கடைசியில் ஒரு பொதுக் கிளினிக்கில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டார்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரே ஒரு ஆலோசகர். எப்போது கூப்பிடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

"பேர எழுதிட்டாங்க. ஆனா நாளாகும்போலங்க" என்று அம்மா சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி: "நம்ம சர்ச் ஆளுங்க யாராவது அங்க வேல பாக்காங்களா?"

மகள் எப்போது குணமாவாள் என்று கேட்கவில்லை. யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

நம் சபையில் ஒவ்வொருவரும் ஜெபக் குறிப்பு கொடுப்போம் அல்லவா? வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் போடுவார்கள். விசாவுக்காக, முழங்கால் வலிக்காக, வீடு வாங்குவதற்காக. உங்கள் அம்மா, "மகள் ஜெனிபரின் மன சமாதானத்துக்காக" என்று அடித்து வைத்திருந்தாள். நான் ஃபோனை வாங்கி அழித்துவிட்டு, "மகளின் படிப்புக்காக" என்று மாற்றினேன்.

"நம்ம பிள்ளைக்குப் படிப்பா நோவு?" என்றாள் அம்மா. "கர்த்தருக்கே தப்பா விலாசம் குடுக்கீங்களே!"

கேட்டேனா? இல்லை. அதோடு நிறுத்தினேனா? அதுவும் இல்லை. சர்ச் கொயரில் பாட ஜெனியைக் காணோமே என்று ஆன்ட்டிமார் கேட்க ஆரம்பித்தார்கள். ஹூஸ்டனில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அங்கே படிப்புக்கு ஏதோ விசேஷப் பயிற்சி என்று ஒரு நகாசும் சேர்த்தேன். ஹூஸ்டனில் உங்களுக்கு அத்தையே கிடையாது.

அடுத்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் நம் முறை. மாற்ற முடியாது. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டில் இருபது பேர். ஹூஸ்டனில் இருக்கிறவள் எங்கே இருப்பாள்? உள்ளறையில், கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து... உன்னை அங்கே இருக்கச் சொன்னவன் நான்தான், ஜெனி. "ரெண்டு மணி நேரந்தாம்மா. சத்தம் காட்டாத" என்றேன்.

இருமக் கூடாது. ஃபோனில் வெளிச்சம் வரக் கூடாது. பாத்ரூம் கூடத்துப் பக்கம் இருந்தது, போகவும் முடியாது. வெளியே நாங்கள் கை தட்டிப் பாடினோம். மட்டன் பஃப்ஸும் டீயும் சுற்றி வந்தன. அந்தக் கதவின் மேல் சாய்ந்துகொண்டு ஒரு ஆன்ட்டி கேட்டார்கள்: "ஹூஸ்டன்ல பிள்ளைக்குச் சாப்பாடு ஒத்துக்கிடுதாமா?"

"நல்லா இருக்கா ஆன்ட்டி. நேத்துகூடப் பேசினா" என்றேன்.

எல்லோரும் போன பிறகு கதவைத் திறந்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. நேராக பாத்ரூமுக்குப் போனாய். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் வெளியே நின்று பேப்பர் தட்டுகளைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் அண்ணாச்சி சாட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்!

விஷயம் இதுதான். சிகரெட்டுக்கும் வேப்புக்கும் கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தை மனநலக் கிளினிக்குகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மசோதா. ஆலோசகர்களை வேலைக்கு எடுக்க, காத்திருப்போர் பட்டியலைக் குறைக்க. கடைக்காரர்கள் எல்லாம் எதிர்த்தார்கள். விலை ஏறினால் வியாபாரம் படுக்கும் அல்லவா? யார் வேண்டுமானாலும் போய் இரண்டு நிமிடம் பேசலாம். முதலாளிகள் பேசினால் எடுபடாது, வேலைக்காரன் பேசினால் எடுபடும் என்று யாரோ அண்ணாச்சிக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

"தாசு, நீரு சர்ச்சுல சாட்சி சொன்னா ஆச்சிமாரெல்லாம் கண்ணத் தொடைக்காங்கல்லா? அதே மாதிரி ரெண்டு நிமிசம். அம்புட்டுதான்" என்றார். "பேரெல்லாம் குடுத்தாச்சு. நீரு வந்து வாயத் தொறந்தா போதும்."

உண்மைதான். எனக்கு அந்த வரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல சபைக்கு முன்னால் போய் நின்றால் வார்த்தை தானாக வரும். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும், எல்லாம் தெரியும். "என் பிள்ளைகளுக்கு ஒரு குறைவும் இல்லை" என்று ஆரம்பித்தால் முதல் வரிசையில் கைக்குட்டை வெளியே வரும். சாட்சி என்றால் குறையைச் சொல்லக் கூடாது, நிறைவைத்தான் சொல்ல வேண்டும் என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. பார்த்துப் பழகியது. சபையில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நோய் குணமான பிறகுதான் நோயின் பெயரே வெளியே வரும்.

ஆஸ்டினில் என் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். வாடகை, சம்பளம், சிறு வியாபாரம் என்று எழுதியிருந்தது. நன்றாகக் கவனியுங்கள், மக்களே! அந்தத் தாளில் குடும்பத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. மனநோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை வாசித்ததோடு நிறுத்தியிருந்தால் நான் வெறும் கூலிக்குப் பேசியவன். வாசித்து முடித்தேன். இன்னும் அரை நிமிடம் மிச்சம் இருந்தது. எதிரே வளைவான மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்க வைக்க வேண்டும் என்று தோன்றியது...

அவ்வளவுதான் காரணம். அவர் என்னைப் பார்க்க வேண்டும்!

தாளைக் கீழே வைத்தேன். குரலை இறக்கினேன். "ஐயா, நான் இரண்டு பிள்ளைகளின் தகப்பன்" என்று ஆரம்பித்தேன். பிறகு வந்ததெல்லாம் என் சொந்தச் சரக்கு. எங்கள் குடும்பங்கள், எங்கள் ஜெபம், எங்கள் வீட்டில் அந்த நோய் கிடையாது... அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். நான் முடித்ததும், "நன்றி. இப்படிப்பட்ட தகப்பன்மார்தான் நமக்கு வேண்டும்" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. இதையும் மறைக்க மாட்டேன்.

பத்துப் பதினைந்து பேருக்குப் பின் தலைவர் மசோதாவை நிலுவையில் வைப்பதாகச் சொன்னார். அது நிலுவையிலேயே கிடந்து செத்தது. இந்த மாநிலச் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் கூடும். செத்தால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். என் ஒருவன் பேச்சாலா செத்தது? இல்லை. கோட்டு போட்டவர்கள் எத்தனை பேர் பேசினார்கள். ஆனால் யாரும் இதைச் சொல்லி என்னைத் தேற்ற வேண்டாம். கூட்டத்தோடு சேர்ந்து கல்லெறிந்தவன், என் கல் படவில்லை என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தால் அவன் என்ன மனிதன்?

அந்தக் கோடையில் கிளினிக்குக்கு அம்மா மறுபடி ஃபோன் பண்ணினாள். இன்னொரு ஆலோசகரை எடுக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்களாம், இந்த வருடம் இல்லை என்றார்களாம். அம்மா ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் ஆஸ்டின் போனது தெரியும். பேசியது தெரியாது.

தெரிய வைத்தவர் அண்ணாச்சிதான். பெருமையாக! அந்த வீடியோவைச் சபை வாட்ஸ்அப்பில் போட்டார். "நம் சகோதரர் தாஸ், சட்டமன்றத்தில்" என்று. கீழே எத்தனை இதயம், எத்தனை கூப்பிய கை! அம்மாவின் ஃபோனில் நீ அதைப் பார்த்தாய், ஜெனி. முழுதும் பார்த்தாய். பிறகு சமையலறைக்கு வந்து, தட்டு கழுவிக்கொண்டிருந்த என் பின்னால் நின்று, கத்தாமல், சாதாரணமாகக் கேட்டாய்.

"அப்பா, விச் ஃபேமிலி வேர் யூ டாக்கிங் அபௌட்?"

எந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னீங்க?

நான் திரும்பினேன். அந்த நேரத்திலாவது உண்மை வந்ததா? "உனக்காகத்தான்மா சொன்னேன். நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரும்போது..." என்றேன்.

நீ சிரித்தாய். உன்னை அதற்கு முன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதுதான் ஆஸ்டின் பொய்யை மூடச் சொன்ன இரண்டாவது பொய். அதை இங்கே எழுதி அடிக்கிறேன். உனக்காகச் சொல்லவில்லை. எனக்காகச் சொன்னேன். ஒரு அந்நிய மனிதர் ஃபோனைக் கீழே வைத்து என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக என் மகளை இல்லை என்றேன். கூடத்தில் இருபது பேருக்கு முன் ஒளித்தேன். மாநிலத்துக்கு முன் அழித்தேன்.

கிளினிக்கில் உன்னைக் கூப்பிட மேலும் ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதத்தில் நடந்ததையெல்லாம் நான் எழுத மாட்டேன். அது உன்னுடையது. அம்மா கத்தரிக்கோல்களை எடுத்து ஆஸ்பத்திரி லாக்கரில் வைத்தாள் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது நான் பார்த்தது.

இப்போது நீ கல்லூரிக்குப் போகிறாய். சில நாள் போகிறாய். கதவருகில் நின்று மூச்சு வாங்கும் நாள் இன்றைக்கும் உண்டு. "சரியாகிவிட்டது" என்று எழுதி இந்தக் கதையை முடிக்க எனக்கு ஆசைதான். அந்த வேலையை நான் நிறுத்திவிட்டேன்.

இந்த வருடம் சட்டமன்றம் மறுபடி கூடியது. அதே மாதிரி மசோதா மறுபடி வந்தது. அண்ணாச்சியும் வந்தார். நான் குளிர்சாதனப் பெட்டியில் சோடாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னவே தாசு, சட்டைய தேச்சு வையும். வியாழக்கெழம ஆஸ்டின்."

"நான் வரல அண்ணாச்சி."

"ஏன், கொரல் கட்டிக்கிட்டா?"

"கொரல் நல்லாத்தான் இருக்கு. என் மக ஹூஸ்டன் போகவே இல்ல அண்ணாச்சி. உள்ரூம்லதான் இருந்தா. அவளுக்கு மனசுக்குச் சொகமில்ல. இப்பவும் மருந்து சாப்பிடுதா."

அவர் கதவைப் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"மெதுவாப் பேசும்வே."

"ரெண்டு வருசமா மெதுவாத்தானே பேசினேன்!"

"எல்லார் வீட்லயும் ஒண்ணு கெடக்கத்தான் செய்யி" என்றார். அவர் குரல் திடீரென்று கிழவர் குரலாக இருந்தது. "நாங்க என்ன ஊருக்குத் தமுக்கா அடிக்கோம்?" பிறகு பழையபடி ஆனார். "சரி, அத விடும். வரியப் போட்டா யாரு தலையில விடியும்? சில்லறைய எண்ணி சிகரெட்டு வாங்குதானே கட்டட வேலக்காரன், அவன் தலையிலதான். கட படுத்தா ஒம்ம வேல இருக்குமா?"

"இருக்காது."

"பெறவு?"

"பெறவும் வரி போடட்டும் அண்ணாச்சி."

"திமிராவே?"

"ஆமா."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கட்டட வேலைக்காரனை எனக்குத் தெரியும். சுண்ணாம்பு படிந்த கை. இருமிக்கொண்டே வாங்குவான். இரவு ஷிப்ட் முடிந்து கண் சிவந்து வரும் நர்ஸ்களைத் தெரியும். அட்டையைக் காட்டும்போதே விரல் நடுங்குகிற இருபத்தொரு வயசுப் பிள்ளைகளைத் தெரியும். எதற்கு ஊதுகிறார்கள்? உள்ளே ஏதோ ஒன்றை அமுக்கி வைக்கத்தான். அதை அமுக்க நான் விற்றேன். அதை ஆற்ற ஒரு ஆள் வேண்டும் என்றால், அந்த ஆளுக்குச் சம்பளம் என் கண்ணாடிப் பெட்டியிலிருந்து போகட்டும்! வேறு எங்கிருந்து போக வேண்டும்?

அடுத்த வாரமே அண்ணாச்சி என்னை கிராண்ட் பிரெய்ரியில் உள்ள இன்னொரு கடைக்கு மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட். சர்ச் நேரத்தில். புரிந்துகொண்டேன்.

அண்ணாச்சியிடம் வரமாட்டேன் என்று சொன்ன அன்று மாலையே உன்னிடம் வந்தேன், ஜெனி. மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். "அப்பா இந்தத் தடவை உண்மையைச் சொல்லப் போகிறேன். அதே இடத்தில், அதே மைக்கில். உன்னைப் பற்றி எல்லாம் சொல்லி..." என்று ஆரம்பித்தேன். நீ ஹெட்போனைக் கழற்றினாய்.

"நோ."

"ஏம்மா? இப்ப உண்மைதானே சொல்லப் போறேன்?"

"ஃபர்ஸ்ட் யூ கெப்ட் மீ ஹிடன் இன் அ ரூம். நௌ யூ வான்ட் டு ஷோ மீ டு எவ்ரிபடி." பிறகு தமிழில், உனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாய்: "நான் உங்க சாட்சி இல்லப்பா."

முதலில் ரூமில் ஒளிச்சு வெச்சீங்க, இப்ப எல்லாருக்கும் காட்டப் பாக்குறீங்க... சரிதான். அந்தக் கணத்திலும் என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது எது தெரியுமா? எந்த இடத்தில் குரலை இறக்கலாம் என்ற கணக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவனும் கைக்குட்டைகளைத்தான் தேடினான்!

அதனால்தான் இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். சபைக்கு இல்லை, வாட்ஸ்அப்புக்கு இல்லை. ஜெனி, இதைக் கிழித்துப் போடவும் உனக்கு உரிமை உண்டு. ஜோயல், பெரியவனானதும் என் மேல் கோபப்படு. சண்டை போடு. நான் முகத்தைத் திருப்ப மாட்டேன், காதையும் பொத்த மாட்டேன்.

இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை, கடைக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு (அதுவும் பொய்தான்!) தனியாக ஆஸ்டினுக்கு டிரைவ் பண்ணினேன். சட்டமன்றக் கட்டடத்தின் நடைபாதையில், மசோதா பற்றிக் கருத்துச் சொல்ல வருகிறவர்கள் பெயரைப் பதிவு செய்யும் திரைகள் வரிசையாக இருந்தன. சென்ற முறை இதையெல்லாம் எனக்காக யாரோ செய்திருந்தார்கள். ஒற்றை விரலால் என் பெயரை அடித்தேன். மசோதாவின் எண்ணை அடித்தேன். ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்டது. ஆதரவு. யார் சார்பில் என்று கேட்டது. குடும்பத்தின் சார்பில் என்று அடிக்க விரல் போனது. நிறுத்தினேன். நான் மட்டும் என்று அடித்தேன்.

குழுவின் முன் பேச விரும்புகிறீர்களா என்று கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மைக்கில் பேசும் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் தன் முறைக்காகக் காத்திருந்தார். 'இல்லை' என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். நகர்ந்து அவருக்கு வழி விட்டேன்.